பூனை ஏறுறதுக்குக் கொப்பில ஸ்டாண்ட்: எந்த மரம் நல்லம்?

கேள்வி: வீட்டுக்குள்ளயே நிக்கிற 4 கிலோ பூனை. 5 அடியில கவர்க்கொப்பு ஒண்டு நிறுத்த வேணும். பூவரசு சரியோ? அடிப்பலகை எவ்வளவு?

பதில் 1: பூவரசு நல்லம், கொய்யாவும் சரி. அலரி வேண்டாம், பூனைக்கு நஞ்சு. பட்டையை உரிச்சு, வெட்டுமுகம் ரெண்டிலயும் மரப்பசை பூசி, நிழலில ஆறு கிழமையாவது காயவிடுங்கோ. வெயிலில போட்டால் வெடிக்கும். பட்டையோட விட்டால் அதுக்குள்ள வண்டு துளைச்சு மா கொட்டும்.

பதில் 2: அடிக்கு முக்கால் இஞ்சி பிளைவுட், 2 அடி சதுரம், ரெண்டு பலகை ஒண்டுக்கு மேல ஒண்டு. கீழ இருந்து 4 இஞ்சி ஸ்குரூ மூண்டு. ஆணி அடிச்சால் பூனை பாயப்பாயக் கழண்டு ஆடும். ஆடுற ஸ்டாண்டில பூனை ரெண்டாந்தரம் ஏறாது! மேல்முனையைச் சுவரோட ஒரு எல் பிராக்கெட்டில பிடியுங்கோ. பூனை இருக்கிற தட்டுகளுக்கிடையில ஒரு அடி போதும்.

கேட்டவர்: பூனை நகம் கீறத் தண்டில சுத்துறதுக்குக் கயிறு எவ்வளவு வேணும்?

பதில் 1: 4 இஞ்சித் தண்டில 2 அடி உயரத்துக்கு, 8 மி.மீ. எண்டால் 27 மீற்றர். சிசல் எண்ட நார்க்கயிறு திறம், தும்புக்கயிறு கெதியாப் பிஞ்சு கொட்டும். நைலோன் வேண்டாம், நகம் சிக்கும்.