ஒளிச்சிகிச்சைக் கூண்டில் புதிய டியூப்கள் பளிச்சென்று எரிகின்றன, மீட்டரில் மட்டும் அளவு ஏறவில்லை: உதவி தேவை

கேள்வி (ஒளிச்சிகிச்சை அறைப் பொறுப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். சிறிய தோல் மருத்துவமனை ஒன்றில் ஒளிச்சிகிச்சை அறையைக் கவனித்துக்கொள்கிறேன். வெண்புள்ளி, சோரியாசிஸ் உள்ளவர்களை நிற்கவைத்துச் சிகிச்சை தரும் 24 டியூப் கூண்டு எங்களிடம் இருக்கிறது. எல்லாமே ஆறடி, 100 வாட், நேரோ பேண்ட் யு.வி.பி. வகை (புற ஊதாக் கதிரில் ஒரு குறுகிய பட்டையை மட்டும் தருபவை). சென்ற மாதம் வலப்பக்கத்தில் ஆறு டியூப்கள் இரு முனையும் கறுத்து, சிறிது நாள் மினுக்கிவிட்டு நின்றுபோயின. கூண்டை விற்றவர்கள் வர மூன்று வாரம் ஆகும் என்றதால், வேறொரு விற்பனையாளரிடம் "100 வாட், ஆறடி, யு.வி. டியூப்" என்று மட்டும் சொல்லி ஆறு வாங்கி நானே மாட்டினேன். ஹோல்டரில் கச்சிதமாகப் பொருந்தின. பழையவற்றைவிட நன்றாகவே நீலமாக எரிகின்றன. ஆனால் ஐந்து நிமிடம் சூடேறவிட்டு, கதிரின் வலுவை அளக்கும் மீட்டரைப் பிடித்தால், இடப்பக்கம் வழக்கம்போல் சதுர சென்டிமீட்டருக்கு 1.9 மில்லிவாட் காட்டுகிறது. புதிய டியூப்களுக்கு எதிரே 0.6தான். மீட்டர் கெட்டுவிட்டதா, சோக் போதவில்லையா? நோயாளிகள் எவரையும் இன்னும் உள்ளே விடவில்லை.

பதில் 1 (மருத்துவக் கருவிகள் பழுதுபார்ப்பவர்)

வணக்கம். இடப்பக்கம் வழக்கமான அளவையே காட்டுவதால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். முழு வெளிச்சத்தோடு எரிவதால் சோக்கின் மீதும் எனக்குப் பெரிய ஐயமில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் நீலம் இந்த டியூப்களில் உடன் வரும் கசிவு மட்டுமே. வேலை செய்யும் கதிர் கண்ணுக்கே தெரியாது என்பதால், பளிச்சென்று எரிவதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

மின்சாரத்தை நிறுத்தி, ஒரு டியூபைக் கழற்றி, மூடிக்கு அருகே அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். பிலிப்ஸ் டியூபாக இருந்தால் வாட்டுக்குப் பின் ஒரு சாய்கோடும் இரண்டு இலக்கமும் இருக்கும். அந்த இரண்டு இலக்கங்களில்தான் விஷயமே இருக்கிறது. 01 என்றால் 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நேரோ பேண்ட். 12 என்றால் அகன்ற பட்டை யு.வி.பி.; அதைத் தவறி மாட்டிவிட்டு 01க்கான நேரத்தை வைத்தால் நோயாளிக்குத் தோல் வெந்துவிடும். 09 என்றால் யு.வி.பி.யைவிட நீண்ட அலைநீளம் கொண்ட யு.வி.ஏ., 10 என்றால் பூச்சிப் பொறிகளில் எரிவது, 52 என்றால் பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு. கண்ணாடி பால் நிறமின்றித் தெளிவாக இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அது 254 நானோமீட்டரில் கிருமி கொல்லும் டியூப். வாட்டும் நீளமும் மூடியும் பொருந்தியதால் உள்ளே எரியும் கதிரும் அதுதான் என்று ஆகிவிடாது.

கேட்டவர்

நன்றி ஐயா. தூசியைத் துடைத்துப் படித்தேன். சாய்கோட்டுக்குப் பின் 01 என்று எங்கும் இல்லை. "100-ஆர்" என்று தொடங்கி, அதன் பின் இரண்டு எண்கள் சாய்கோட்டுடன் இருக்கின்றன. டியூபின் ஒரு பக்கம் மட்டும் உட்பூச்சு தடிமனாகவும் வெள்ளையாகவும் இருக்கிறது.

பதில் 2 (தோல் மருத்துவர்)

அப்படியென்றால் உங்களிடம் இருப்பவை டேனிங் படுக்கைக்கான டியூப்கள். வெளிநாடுகளில் தோல் கருக்க வேண்டும் என்று பணம் கொடுத்துப் படுக்கிறார்களே, அந்தப் படுக்கைகள்தான். வாட்டுக்குப் பின் வரும் "ஆர்" என்பது உள்ளேயே ரிஃப்ளெக்டர் பூசியிருப்பதைக் குறிக்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பூச்சு அதுதான். அடுத்து வரும் எண்கள், ஐரோப்பாவில் ஒரு டேனிங் டியூபுக்குப் பதிலாக எதை மாட்டலாம் என்று ஒப்பிடுவதற்கானவை. நம் சிகிச்சைக்கு அவற்றால் பயனில்லை.

இவற்றின் கதிரில் பெரும்பங்கு யு.வி.ஏ., யு.வி.பி. சிறு பங்கே. 311க்கென அளவு திருத்திய உங்கள் மீட்டர் இவற்றின் முன் காட்டும் 0.6ஐயும் உண்மையான அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. சோரியாசிஸ் குறைவதற்கு 313 நானோமீட்டரை ஒட்டிய கதிர் நன்கு உதவுகிறது, 290க்கும் அதற்குக் கீழும் போனால் தோல் சிவக்கிறதே தவிர நோய் குறைவதில்லை என்று 1981இல் பாரிஷ், யெனிக்கே ஆகியோர் காட்டிய பிறகே இந்த 01 வகை உருவானது. டேனிங் படுக்கைகளின் கதிரை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. "வாங்கிவிட்டோம், இருக்கட்டும்" என்று ஒன்றைக்கூட உள்ளே விட்டுவைக்காதீர்கள்.

பதில் 1-ஐ எழுதியவர்

மருத்துவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆறை மட்டும் சரியான வகையில் மாற்றினால் வலப்பக்கம் புதிது, இடப்பக்கம் பழையது என்றாகி, நோயாளியின் ஒரு விலாப்புறம் மட்டும் சிவக்கும். 1.9க்கு இறங்கிவிட்ட கூண்டில் 24ஐயும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. செலவுக்கு வழியில்லையென்றால் ஆறு புதியவற்றையும் நான்கு பக்கமும் பரவலாகப் பிரித்து மாட்டுங்கள். பின்புற அலுமினியத் தகட்டை ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் தூசி தின்னும் கதிர் கொஞ்சமல்ல. அளவெடுக்கும்போது யு.வி.யைத் தடுக்கும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.

கேட்டவர் (மூன்று வாரத்திற்குப் பின்)

எங்கள் மருத்துவரிடம் இந்த இழையைக் காட்டியதும் 24க்கும் ஒப்புக்கொண்டார். எல்லாவற்றிலும் 01 இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தே மாட்டினேன். இப்போது எல்லாப் பக்கமும் 4.2ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் நேரத்தைக் கணக்கிட கூண்டின் செட்டிங்கில் பதிந்திருந்த பழைய 1.9ஐ மாற்ற மறந்திருந்தேன். முதல் நோயாளிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிஜூல் என்று கதிர் அளவைக் கொடுத்ததும் 316 வினாடி என்று காட்டியபோதுதான் விழித்துக்கொண்டேன். அப்படியே விட்டிருந்தால் 1,300க்கு மேல் போயிருக்கும். 4.2 என்று திருத்தியதும் 143 வினாடி ஆனது. இருந்தாலும் முதல் வாரம் எல்லோருக்கும் மருத்துவர் அளவைக் குறைத்தே தருகிறார்.

பதில் 2-ஐ எழுதியவர்

குறைத்தது சரி. புதிய டியூப்கள் தொடக்கத்தில் வேகமாக இறங்கும் என்பதால் முதல் மாதம் வாரந்தோறும் அளந்து, அந்த எண்ணைத் தேதியுடன் கூண்டின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். டேனிங் டியூப் ஆறையும் குப்பையில் போட வேண்டாம். உள்ளே பாதரசம் இருக்கிறது. பெட்டியின் மேல் "சிகிச்சைக்கு அல்ல" என்று எழுதி, விற்றவரிடமே திருப்பி அனுப்பிவிடுங்கள்.