இன்வெர்ட்டரும் பேட்டரியும்: கேபிள், லக், ஃபியூஸ் குறித்த எங்கள் அனுபவம்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு, எங்கள் ஊரில் பலரும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அப்படி வாங்கிய உறவினர் ஒருவர், பேட்டரி இரண்டும் புதிதாக இருந்தும் மிக்ஸியைப் போட்டவுடன் 'லோ பேட்டரி' என்று இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது என்று என்னை அழைத்தார். 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு அது. நெகட்டிவ் லக்கை (கேபிள் நுனியில் மாட்டி டெர்மினலில் முறுக்கும் உலோக வளையம்) ஒட்டிய கேபிள் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. லக்கோ கருவியால் கேபிளோடு இறுக அழுத்திப் பிடிக்கப்படாமல் (கிரிம்ப் செய்யப்படாமல்) சுத்தியலால் தட்டி நசுக்கப்பட்டிருந்தது. கேபிள் இழை ஒன்றை பிளேடால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்தக் கேபிளின், லக்கின் தடையில் மின்னழுத்தம் குறைந்ததால்தான், பேட்டரி தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் நின்றிருக்கிறது.

12 வோல்ட், 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பேட்டரிப் பக்கத்தைப் பலர் அலட்சியமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. 800 வாட் லோடுக்கு, இழப்பையும் சேர்த்தால், 24 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 40 ஆம்பியர் ஓடும். ஒரே ஒரு டெர்மினலில் 10 மில்லிஓம் தடை இருந்தாலும் அங்கே 16 வாட் வெப்பம் எழும். 12 வோல்ட் அமைப்பில் மின்னோட்டம் இரட்டிப்பாவதால் அதே இடத்தில் 64 வாட், அதாவது ஒரு சால்டரிங் அயனின் சூடு.

25 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் வாங்கி, ஹைட்ராலிக் கருவியில் லக்குகளைக் கிரிம்ப் செய்து, வாஷர் குறுக்கே வராமல் லக் நேரடியாக ஈயத்தில் படியுமாறு முறுக்கி, அதன் பிறகே மேலே வாசலின் தடவினோம். பேட்டரிக்குக் காவலாக வைத்திருந்த வீட்டு மாறுமின்னோட்ட (ஏசி) எம்.சி.பி.யையும், அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்சையும், அகற்றினோம். ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்தில் (டிசி) அது நடக்காது. ஆகவே கேபிளின் தாங்குதிறனுக்கு ஏற்ற டிசி ஃபியூஸைப் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் பொருத்தினோம்.

—

மேலே எழுதிய ஐயா சொன்னதோடு, பழுது பார்ப்பவனான என் பங்குக்கும் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் பழுது பார்க்கச் சென்ற ஒரு கடையில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இணையாக இருந்தன. இன்வெர்ட்டருக்கான இரு கேபிள்களும் முதல் பேட்டரியிலிருந்தே சென்றன. இணைப்புக் கேபிளின் தடை இரண்டாவது பேட்டரிக்கு மட்டும் கூடுதலாகச் சேர்வதால் முதல் பேட்டரியே அதிகம் உழைத்து முன்னதாகத் தேய்கிறது. பாசிட்டிவை முதல் பேட்டரியிலும் நெகட்டிவை இரண்டாவதிலும் எடுத்தால் சுமை சமமாகும். கூடுதல் செலவும் பெரிதாக இல்லை.

அந்தப் பேட்டரிகள் படிக்கட்டுக்கு அடியில், மூடிய மர அலமாரியில் இருந்தன. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். கடைசிக் கேபிளை மாட்டும்போது இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் சட்டென்று மின்னோட்டத்தை இழுத்துப் பொறி பறக்கச் செய்யும் என்பதால், மெயின் இணைப்பைத் துண்டித்து, கதவைத் திறந்து காற்றாட விட்டு, மோதிரத்தைக் கழற்றி, ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். முடிவில் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். டியூபுலருக்கான நிலையில் எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய) பேட்டரியை வைத்தால் மின்னழுத்தம் மிகுந்து பேட்டரி உப்பிவிடும்.