அப்பாவின் பார்கின்சன் மருந்தை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காலிவீதிக்காரன்:
அப்பாவுக்கு 71 வயது. ஆறு வருடமாக பார்கின்சன். லெவோடோபா கார்பிடோபா சி.ஆர்., அதாவது மெதுவாகக் கரையும் மாத்திரை, 200க்கு 50 (லெவோடோபா 200 மில்லிகிராம், கார்பிடோபா 50), நாளைக்கு மூன்று. வழக்கமாக வாங்கும் பார்மசியில் மூன்று வாரமாக "அடுத்த கிழமை வரும்" என்ற ஒரே பதில்தான். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் 30 மாத்திரைதான் இருக்கிறது, அதாவது பத்து நாள்.

இணையத்தில் ஒரு பார்மசி கிடைத்தது. கனடாக் கொடி, மேப்பிள் இலை எல்லாம் போட்டிருக்கிறார்கள், விலையும் குறைவு, டொக்டர் எழுதும் மருந்துத் துண்டுகூடத் தேவையில்லையாம். 200/50 இல்லை, ஆனால் 275 இருக்கிறது, 200ம் 50ம் சேர்ந்தால் 250, அதற்குப் பக்கத்தில்தானே, அதையே எடுங்கள் என்று சாட்டில் சொன்னார்கள். பத்திலிருந்து பதினான்கு நாளில் கொழும்புக்கு வருமாம். எடுக்கலாமா? சுங்கத்தில் பிரச்சினை வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் அவசரம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, பத்து நாள் மருந்தை வைத்துக்கொண்டு பதினான்கு நாள் பார்சலை நம்பாதீங்க. என் வீட்டுக்காரருக்கு ஒரு மருந்தை இப்படித்தான் எடுத்தேன். காசு அன்றைக்கே கார்டில் போய்விட்டது, பார்சல் வந்தது ஆறு கிழமை கழித்து. நடுவில் துண்டு எங்கே, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேள்வி. ஒரு இடத்தில் கேட்டால் இன்னொரு இடத்துக்குப் போகச் சொன்னார்கள், நானும் ஆட்டோவுக்குக் கொடுத்து அலுத்துப்போனேன். கடைசியில் பெட்டியைத் திறந்தால் கூட்டுக்குளிசை (கேப்சூல்) எல்லாம் வெயிலில் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது, அப்படியே குப்பையில் போட்டேன்.

இன்னொன்று, சி.ஆர். மாத்திரையை கஞ்சியில் பொடித்துக் கலந்து கொடுக்கிறீங்களா? என் மாமியாருக்கு விழுங்கக் கஷ்டம் என்று நாங்கள் அப்படித்தான் செய்துவந்தோம், டொக்டர் ஏசினார். பொடித்தால் மெதுவாகக் கரையவேண்டியது முழுக்க ஒரேயடியாக இறங்கிவிடுமாம்.

கவுண்டருக்குப் பின்னால்:
22 வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சுங்கத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த 275ஐ எடுக்காதீர்கள்.

இந்திய அட்டைகளில் இருக்கும் 110, 125, 275 எல்லாம் இரண்டு மருந்தையும் கூட்டிப் போட்ட எண்கள். 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 125 என்றால் 100, 25. 275 என்றால் 250, 25. உங்கள் அப்பா எடுப்பது 200, 50. கூட்டினால் 250 வருகிறது, 275க்குப் பக்கத்தில் மாதிரித் தெரிகிறது, ஆனால் அது வேறு வகை மாத்திரை. 275 உடனே கரைகிற மாத்திரை. சி.ஆர். மாத்திரையில் இருக்கும் லெவோடோபாவில், சாதாரண மாத்திரையோடு ஒப்பிட்டால், சுமார் 70 சதவீதம்தான் உடம்பில் சேரும், அதுவும் மெல்ல மெல்ல. அந்த இடத்தில் 250 லெவோடோபாவை ஒரே மூச்சில் கொடுத்தால் தலைசுற்றல், இரத்த அழுத்தம் விழுவது, கைகால் தானாக நெளிவது, ஆள் மாறிப் பேசுவதுவரை போகலாம். இன்னொரு குழப்பமும் உண்டு: மடோபார் 125 என்ற இன்னொரு பார்கின்சன் மாத்திரையும் 125தான், ஆனால் அதில் லெவோடோபாவோடு இருப்பது கார்பிடோபா இல்லை, பென்செரசைட் என்ற வேறு மருந்து. அட்டையின் முன்பக்கத்து எண்ணை விடுங்கள், பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

சுங்க விஷயம் இதுதான். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. சொந்தப் பாவனைக்கு என்றாலும் துண்டோடு அங்கே அனுமதி கேட்டுவிட்டுத்தான் பார்சலை வரவழைக்க வேண்டும். பலர் பார்சல் வந்து நின்ற பிறகுதான் அங்கே ஓடுகிறார்கள்.

இப்போது செய்யவேண்டியது: கடையில் பிராண்ட் பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் பதில் வரும், லெவோடோபா கார்பிடோபா என்று மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடையான ஒசுசலவின் கிளைகளுக்கு ஒவ்வொன்றாக போன் போடுங்கள், ஒரு கிளையில் முடிந்தது இன்னொன்றில் கிடக்கும். (அந்தக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே 1971இலேயே பொதுப் பெயரைத்தான் வலியுறுத்தினார், நாங்கள்தான் மறந்துவிட்டோம்.) அதோடு நாளைக்கே நரம்பியல் டொக்டரைப் பாருங்கள். சி.ஆர். கிடைக்காவிட்டால் சாதாரண மாத்திரையில் நேரத்தைப் பிரித்து எழுதித் தருவார். அப்பாவுக்கு மருந்தைத் திடீரென நிறுத்தவோ, மிச்சம் பிடிக்க ஒரு நேரத்தை விடவோ வேண்டாம். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடம்பு விறைப்பும் வந்து ஆஸ்பத்திரியில் போடவேண்டி வரலாம்.

டொரொண்டோப் பனி:
நான் இங்கே ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். துண்டு வேண்டாம் என்று எந்தக் கனடாப் பார்மசியும் சொல்லாது. இலங்கை டொக்டரின் துண்டை வைத்து நாங்கள் மருந்து கொடுக்கவும் முடியாது, இங்கே உரிமம் உள்ள ஒருவர் எழுத வேண்டும். இங்கே விற்கும் மருந்துப் பெட்டியில் டி.ஐ.என். என்று எட்டு இலக்க எண் இருக்கும், அதைக் கனடா சுகாதாரத் துறையின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்த சாட்காரரிடம் அந்த எண்ணையும் எந்த மாகாணத்தில் உரிமம் என்பதையும் கேட்டுப் பாருங்கள். கொடி போட்ட தளங்கள் நிறைய, மருந்து புறப்படும் இடம் வேறெங்கோ.

சென்னை போய்வருபவன்:
தபாலை விடுங்க அண்ணா, யாராவது சென்னை போனால் துண்டைக் கொடுத்து எடுப்பியுங்கள். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் எங்கள் மாடிக்குடியிருப்பே அப்படித்தான் ஓடியது, ஒரு பயணியின் பையில் ஆறு வீட்டு மருந்து. அட்டையை வெட்டாமல், பில்லோடு, ஒருவருக்குத் தேவையான அளவு மட்டும். தூக்க மாத்திரை, குளோனசெபாம் மாதிரி எதையும் தெரியாத ஆளிடம் கொடுத்துவிடவோ தபாலில் போடவோ வேண்டாம், அது வேறு சட்டம்.

காலிவீதிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி, கவுண்டர் அண்ணாவுக்கு ரொம்ப. நேற்று டொக்டரிடம் போனோம். 275 என்று சொன்னதுமே தலையில் கைவைத்தார். சாதாரண மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார், 100/25, நாளைக்கு ஐந்து நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அது வெள்ளவத்தையிலேயே கிடைத்தது, இரண்டு மாதத்துக்கு எடுத்துவிட்டேன். அம்மா கலண்டரின் பின்பக்கத்தில் நேரங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். இன்று காலை ஆறு மணி மாத்திரைக்குப் பிறகு அப்பா தானே எழும்பி, தேத்தண்ணி எங்கே என்று கேட்டார்.

டி.ஐ.என். எண் கேட்டேன். பதிலே இல்லை, இருபது சதவீதம் கழிவு தருகிறோம் என்று மட்டும் மூன்று மெசேஜ் வந்திருக்கிறது.