ரியூனியன் தீவு: போய் வந்தவர்கள், அங்கிருந்து வந்தவர்களைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைவாசி:
மிஷன் வீதிப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் வேலை செய்கிறேன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். முகத்தைப் பார்த்தால் வில்லியனூர்க்காரர், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. போன மாதம் வந்த ஓர் அம்மா, கொள்ளுத்தாத்தாவின் பதிவேட்டுப் பக்கத்தைப் பிரதி எடுத்து வந்திருந்தார். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆள் ஏற்றியது தெரிந்த கதைதான். அந்தத் தாளில் புதுச்சேரி என்று இருந்ததால் இங்கே தெருத் தெருவாகத் தேடினார். அது கப்பல் ஏறிய இடமாக இருக்கலாம், சொந்த ஊர் தென்னாற்காட்டிலோ தஞ்சாவூரிலோ இருக்கலாம் என்றேன். 1860இல் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள், 1882இல்தான் அது நின்றது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், திரௌபதி அம்மன் கோயில் எங்கே என்று கேட்டார். தீமிதி அங்கேயும் பெரிய விழா. அவருடைய அண்ணன் பூக்குழி இறங்கும் படத்தைப் போனில் காட்டினார், மஞ்சள் வேட்டி, மாலை எல்லாம் அப்படியே நம்ம ஊர்.

முதலியார்பேட்டை:
மாமா அங்கே இருப்பதால் போனேன். விசாவை முதலில் கவனியுங்கள். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம், செலவுக்கு யூரோ, ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது. பாரிசுக்கு எடுத்த ஷெங்கன் விசா அங்கே செல்லாது. விண்ணப்பத்திலேயே ரியூனியன் என்று சொல்லி, அந்தத் தீவுக்குச் செல்லும் விசாவாக வாங்க வேண்டும். பக்கத்து மொரீஷியசுக்குச் சுலபமாகப் போய்விடலாம் என்பதால், இதுவும் அப்படித்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள்.

கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும். ஆங்கிலத்தை நம்பிப் போகாதீர்கள், தமிழை இன்னும் நம்பாதீர்கள். நம்ம சாயலில் இருப்பவரிடம் தமிழில் பேசினால் சிரிப்பார், அவ்வளவுதான். பெரும்பாலான சாமான் கப்பலில் வருவதால் விலை பாரிசையும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை தேடி அலைவது வீண். தெருவில் சமோசாவும் மிளகாய் போட்ட பருப்பு வடையும் கிடைக்கும், அதுவே எனக்குப் பல நாள் டிபன்.

ஊரின் அழகு மலைதான். பித்தோன் தெ நேழ் சிகரம் 3,000 மீட்டருக்கு மேல். மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது, நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். மாய்தோ முனையிலிருந்து அதைப் பார்க்க விடிகாலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும்.

நெல்லித்தோப்பு:
கடற்கரை எப்படி? பிள்ளைகளோடு போகிறோம்.

முதலியார்பேட்டை:
சுறா தாக்கிச் சிலர் இறந்ததால் 2013 முதல் கண்ட இடத்தில் கடலில் இறங்கத் தடை. பவளப்பாறை அணைகட்டிய மேற்குக் கரையில், லெர்மித்தாழ் பக்கம், குளிக்கலாம். தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். கொசு மருந்து மறக்காதீர்கள். 2005–06இல் சிக்குன்குனியா தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது.

கடலூர் முதுநகர்:
நான் கப்பலில் வேலை பார்த்தவன். லெ போர் துறைமுகத்தில் நின்றிருக்கிறோம். எந்த மாதம் போவது என்று யாரும் எழுதவில்லையே! அது பூமியின் தென்பாதி, நம்ம டிசம்பர் அவர்களுக்குக் கோடை, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். புயல் வருகிறதென்றால் கப்பல்களைத் துறைமுகத்தைவிட்டு நடுக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். கரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் யாரும் வெளியே நடமாடக் கூடாது, கடைப்பக்கம்கூட. 2011இல் ‘தானே’ புயல் அடித்த அன்று காற்றைப் பார்க்க வாசலில் நின்ற நம்ம ஆட்களை நினைத்துக்கொண்டேன். 2024 ஜனவரியில் பெலால் புயலும் 2025 பிப்ரவரியில் கரான்சும் அங்கே அடித்தன. மே முதல் அக்டோபருக்குள் டிக்கெட் போடுங்கள், மலையில் இரவு நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும்.