ஆற்றுக்காக எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது எப்படி?

கெட்டில்காரன்

வணக்கம். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலக்கெட்டில் பக்கம் ஒரு தோட்டப்புற டவுனில் இருக்கிறேன். தோட்டத்தின் பெயர், ஆற்றின் பெயர் எல்லாம் வேண்டாம், யாரையும் மாட்டிவிடுவதற்கு இதை எழுதவில்லை.

எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. ஏழெட்டு மீட்டர் அகலம் இருக்கும், வெயில் காலத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பது இந்தக் கரையில்தான். சின்ன வயதில் இதில் குளித்திருக்கிறேன், மீன் பிடித்திருக்கிறேன். இப்போது ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், தண்ணீர் தே தாரேக் (பால் டீ) நிறத்துக்கு மாறிவிடுகிறது, அப்புறம் இரண்டு நாளைக்குத் தெளிவதே இல்லை. போன வருடக் கடைசியில் கரை ஓரத்து நாலு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, வடிந்த பிறகு அள்ளிக் கொட்டியது முழுக்கச் சேறு.

மேலே கம்பெனித் தோட்டம், அங்கே பாமாயில் தரும் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு நடக்கிறது. அதற்குக் கீழே சிறுதோட்டக்காரர்கள், மலாய்க்காரர்களும் நம்மவர்களும். அதற்கும் கீழே மணல் எடுக்கிற இடம் ஒன்று, பிறகு கம்போங் (மலாய்க் கிராமம்), பிறகு எங்கள் கோயில், தாமான் (குடியிருப்பு). இந்தத் தண்ணீர் கெட்டில் ஆற்றில் விழுந்து, அங்கிருந்து மூடா ஆற்றுக்குப் போகிறது.

கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டேன். "பங்குதாரர் கலந்துரையாடல்" என்று கடிதம் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். 60 நாற்காலி போட்டதில் வந்தவர்கள் 11 பேர், அதில் இரண்டு பாட்டிகள் டிவிடெண்ட் எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதமான ஒரு அசிஸ்டண்ட் பையனை அனுப்பினார்கள், அவன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு "மேலே சொல்கிறேன் அங்கிள்" என்றான். ஒரு சிறுதோட்டக்காரர் அவனைப் பார்த்துக் கத்தினார். கம்போங் தலைவர் வந்தார், மரியாதையாகக் கேட்டார், பாதியில் எழுந்து போனார். அவர் மேல் தப்பில்லை, கூட்டத்தை ஏழு மணிக்கு வைத்து மக்ரிப் தொழுகையோடு மோதவிட்டது நான்தான். மணல்காரர் வரவே இல்லை. இரண்டு அரசாங்க அலுவலகத்துக்கு எழுதினேன், ஒன்று இது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்றது, இன்னொன்றிடமிருந்து பதிலே இல்லை. மீகோரிங் நூடுல்ஸ் பொட்டலம் நாற்பது மிஞ்சியது.

யாரை முதலில் பார்ப்பது, எங்கே கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது? இப்படி எதையாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கிராணி

தம்பி, முதலில் அந்தப் "பங்குதாரர்" என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். பாட்டிகள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நம் தோட்டத்து மக்களுக்குப் பங்கு என்றால் 1960இல் அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்தான். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் சம்பளத்தில் மாதா மாதம் கொஞ்சம் பிடித்துக் கொடுத்துப் பங்கு வாங்கியவர்கள் அவர்கள். சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டம் நம் கெடாவில்தானே இருக்கிறது! நீங்கள் "ஆற்றுக் கூட்டம்" என்று போட்டிருந்தால் ஆள் வந்திருக்கும்.

இரண்டாவது, அந்த அசிஸ்டண்ட் பையனைத் திட்டிப் பயனில்லை. அவனால் ஒரு மரத்தைக்கூட விட்டுவைக்கச் சொல்ல முடியாது. நான் 30 வருடத்துக்கு மேல் தோட்ட ஆபீசில் இருந்தவன், காகிதம் எப்படி மேலே போகும் என்று தெரியும். எம்.எஸ்.பி.ஓ., அதாவது செம்பனையைச் சுற்றுச்சூழல் கெடாமல் பயிரிடுவதற்கான மலேசியச் சான்றிதழ், 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதில் சுற்றுவட்டார மக்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், தோட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும், தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தப் பட்டியலில் உள்ளவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். உங்கள் கோயில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? கம்போங் இருக்கிறதா? மேனேஜருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆற்றோரம் பற்றிப் பேச வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு சாப் (முத்திரை) குத்தி ஒரு காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த சாப் நூறு மீகோரிங் பொட்டலத்துக்குச் சமம்.

மூன்றாவது, மறுநடவு. செம்பனையை 25 வருடத்துக்கு ஒருமுறை சாய்ப்பார்கள், அந்த ஒன்றிரண்டு வருடம்தான் மண் வெறுமையாகக் கிடக்கும், மழை அப்படியே அரித்துக்கொண்டு வரும். அதற்குத்தான் மண்ணை மூடுகிற முக்குனா கொடி போடுவது, சரிவில் படிக்கட்டு வெட்டுவது, மட்டைகளைக் குறுக்கே அடுக்குவது. ஆற்றோர வரிசையைச் சாய்க்காமல் விடச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரமும் இதுதான். நட்டுவிட்டார்கள் என்றால் அடுத்த பேச்சு 25 வருடம் கழித்துத்தான், அப்போது நான் இருக்க மாட்டேன்.

ஆற்றோரம் எவ்வளவு விடவேண்டும் என்று ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வழிகாட்டியில் இருக்கிறது. ஆறு 5 மீட்டருக்குக் குறைவு என்றால் இரண்டு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை 10 மீட்டர், 10 முதல் 20 வரை 20, 20 முதல் 40 வரை 40, அதற்கு மேல் 50. உங்களுடையது பத்து மீட்டர் வகை. ஆனால் வழிகாட்டி வேறு, கெசெட்டில் (அரசிதழில்) ஏறிய ஆற்று ரிசர்வ் நிலம் வேறு. நில அலுவலகத்தில் பிளான் வாங்கிப் பாருங்கள், யாருடைய கிராண்ட் (நிலப் பட்டா) எதுவரை வருகிறது என்று தெரியாமல் யாரிடமும் வாய் திறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் தண்ணீர் விளிம்புவரை மருந்து அடிப்போம். அந்த ரிப்போர்ட்டில் எத்தனையோ முறை நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மூணு_ஏக்கர்

அண்ணே, கத்தினவர் என் அப்பா மாதிரி ஓர் ஆள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் 3 ஏக்கர், வேறு ஆற்றில். சிறுதோட்டக்காரர்கள் ஏன் கோபமாக வருகிறார்கள் என்றால், கூட்டம் என்று கூப்பிட்டாலே நிலத்தில் கை வைக்கப் போகிறார்கள் என்று பயம். "பத்து மீட்டர் விடுங்கள்" என்று மேடையில் ஒருவர் சொன்னதும் அப்பா காதில் விழுந்தது "உன் நிலத்தைக் கொடு" என்பதுதான்.

அப்புறம் நானும் அவரும் சாயங்காலம் கயிறு எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். எங்கள் ஆற்றோரம் 60 மீட்டர். மரத்துக்கு மரம் 9 மீட்டர், ஆக ஒரு வரிசை, 7 மரம். மூன்று ஏக்கரில் 160 மரத்துக்குப் பக்கமாக இருக்கிறது, அதில் 7. அந்த ஏழிலும் இரண்டு, கரை சரிந்து சாய்ந்தே நிற்கிறது, ஏணி வைக்கக்கூடப் பயப்பட வேண்டிய மரங்கள். இதற்கா மூன்று மாதம் வீட்டில் சண்டை போட்டோம் என்று அப்பாவே சிரித்துவிட்டார்.

வெட்டச் சொல்லவே இல்லை. அந்த வரிசையில் மருந்து அடிப்பதில்லை, உரம் போடுவதில்லை, புல்லை மெஷினில் மேலோட்டமாக வெட்டுவதோடு சரி. பழம் வழக்கம்போல் வெட்டுகிறோம். மறுநடவில் அந்த வரிசையைத் திரும்ப நடமாட்டோம், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

உங்கள் ஊரில் செம்பனை எண்ணெய் வாரியத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிற துனாஸ் அதிகாரி யார் என்று கேளுங்கள். சிறுதோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துத்தான் எம்.எஸ்.பி.ஓ. எடுத்துக் கொடுக்கிறார்கள், எல்லாரையும் அவருக்கு முகம் தெரியும். நீங்கள் கூப்பிட்டு வராதவர்கள் அவர் கூப்பிட்டால் வருவார்கள். மண்டபத்துக்கு வேண்டாம், யாராவது ஒருவரின் நிலத்துக்கே கூப்பிடுங்கள், காலையில். சாயங்காலம் மழை வரும், தொழுகையும் இருக்கிறது.

பட்டாணி_பையன்

எல்லாரும் நல்லவிதமாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கெட்டவனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

கம்பெனியையும் 3 ஏக்கர் வைத்திருக்கிற மக்சிக்கையும் (வயதான மலாய் அம்மா) ஒரே வட்டத்தில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் சமம் என்று சொல்வது நாடகம். ஒருவருக்கு வக்கீல் இருக்கிறார், இன்னொருவருக்கு பஸ் காசு இல்லை. மணல்காரர் ஏன் வரவில்லை? வந்தால் அவருக்கு நஷ்டம், வராவிட்டால் ஒன்றும் இல்லை, அதனால்தான்.

அரசாங்கப் பக்கம் இன்னும் மோசம். நிலமும் தண்ணீரும் மாநில அதிகாரம். தூய்மைக்கேடு என்றால் 1974 சட்டப்படி மத்திய சுற்றுச்சூழல் துறை. கெடாவில் 2007 சட்டத்தில் வந்த நீர்வள வாரியம் தனி. ஆற்றில் வண்டல் அள்ளுவது ஜே.பி.எஸ். மணலுக்கு 4சி பெர்மிட் கொடுப்பது நில அலுவலகம். ஒரு வாளி தண்ணீரை எடுத்தால் அதில் உள்ள சேறு ஒரு ஆபீஸ், மணல் ஒரு ஆபீஸ், மருந்து ஒரு ஆபீஸ். அதனால்தான் உங்களுக்கு "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று பதில் வந்தது, அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் கடுப்பு. மூடா ஆற்றுத் தண்ணீருக்காகக் கெடாவும் பினாங்கும் எத்தனை வருடமாக முறைத்துக்கொண்டு இருக்கின்றன, லஹார் தியாங்கில் எடுக்கிற அந்தத் தண்ணீரைத்தான் பினாங்கில் பெரும்பாலோர் குடிக்கிறார்கள். இரண்டு மாநிலமே உட்கார்ந்து பேசி முடியாததை உங்கள் 11 பேர் ஒரே ராத்திரியில் முடிப்பார்களா?

2022 ஜூலை 4 மறந்துவிட்டதா? குப்பாங்கில் மலையிலிருந்து சேறும் மரக்கட்டையும் இறங்கி மூன்று பேர் செத்தார்கள். உங்களுக்கு மேலேதான் அந்த ஊர். அதனால் நான் சொல்வது, பேசுங்கள், ஆனால் பக்கத்திலேயே புகாரும் எழுதுங்கள். 4சி பெர்மிட்டில் எந்த இடம், எவ்வளவு கன மீட்டர், எந்தத் தேதிவரை என்று எழுதியிருக்கும், அதைக் கேட்டாலே பாதிப் பேர் பேச வந்துவிடுவார்கள்.

பழைய_கிராணி

பையன் சொல்வதில் பாதி சரி. புகார் எழுதலாம், ஆனால் என்ன புகார் என்று தெரிந்து எழுத வேண்டும். தே தாரேக் நிறம் என்றால் மண். கறுப்பாக, புளித்த நாற்றத்தோடு வந்தால் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குட்டை. ஆலையிலிருந்து வருகிற கழிவில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிற ஆக்சிஜன்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும், ஆற்றில் விடும்போது 100க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான வரம்பு, அதற்குத்தான் அத்தனை குட்டை. தம்பி, உங்கள் ஊர்க் கதை மண் கதை. அது எங்கிருந்து இறங்குகிறது என்று முதலில் பாருங்கள். பெரிய கருவி வேண்டாம், மினரல் வாட்டர் போத்தல் போதும்.

கெட்டில்காரன்

எல்லாருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கிராணி ஐயா சொன்ன போத்தல் வேலையைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட கையோடு நானும் என் மகனும் மோட்டார் சைக்கிளில் போய் ஐந்து இடத்தில் ஒன்றரை லிட்டர் போத்தலில் தண்ணீர் பிடித்தோம். தோட்டம் முடிகிற இடம், சிறுதோட்டங்கள் முடிகிற இடம், மணல் எடுக்கிற இடத்துக்குக் கீழே, கம்போங் பாலம், கடைசியாகக் கோயிலைத் தாண்டி தாமான் பக்கம். மூடியில் நம்பர் போட்டு ஒரு ராத்திரி ஆடாமல் வைத்தோம்.

காலையில் பார்த்தால் முதல் போத்தலில் அரை விரல் சேறு, எதிர்பார்த்ததுதான். இரண்டாவதில் கொஞ்சம்தான் கூட. மூன்றாவதில் ஒரு விரலைத் தாண்டிவிட்டது. நாலாவதும் மூன்றாவது மாதிரியே. ஐந்தாவதில் இரண்டு விரல்!

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தோட்டம் கிடையாது, மணல் கிடையாது. எங்கள் கோயில்தான் இருக்கிறது. போன வருடம் திருவிழாவுக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஏழெட்டு லாரி செம்மண் கொட்டிக் கரையை மேடாக்கினோம். புல்கூடப் போடவில்லை. அந்த மண்ணுக்கு நன்கொடை வசூலித்த நோட்டில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

கோயில் கமிட்டியில் காட்டினேன். போத்தலை வெளியே காட்டாதே என்று ஒருவர், சாமிக்குச் செய்ததை ஆற்றில் கரைத்துப் பேசுகிறாயா என்று ஒருவர். தலைவர் மட்டும் ஐந்து போத்தலையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மறுவாரம் மண் மூட்டை அடுக்கி, சரிவு முழுக்க வெட்டிவேர் நட்டோம், இளைஞர் பிரிவுப் பையன்கள் எட்டுப் பேர். வழியில் போன கம்போங் தலைவர் வண்டியை நிறுத்தி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். போத்தலைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மூன்றாவது போத்தல் எங்கே பிடித்தது என்று கேட்டார், நான் சொன்னேன். மணல்காரர் அவருக்கு மனைவி வழியில் சொந்தமாம், எனக்கு இது இத்தனை நாள் தெரியாது. "நான் கூட்டி வருகிறேன், மண்டபம் வேண்டாம்" என்றார்.

மேனேஜருக்குக் கடிதம் கொடுத்துச் சாப்பும் வாங்கிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை, ஆனால் அந்த அசிஸ்டண்ட் பையன் போன் செய்து, முதல் போத்தல் எடுத்த இடத்தின் படத்தை அனுப்பச் சொன்னான். துனாஸ் அதிகாரியும் வருகிறேன் என்றிருக்கிறார். மணலின் 4சி பெர்மிட் பற்றி இப்போதே கேட்கட்டுமா, நேரில் பார்த்த பிறகு கேட்கட்டுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணி, கம்போங் பாலத்தடியில் கூடி மேலே தோட்டம்வரை நடக்கிறோம். பட்டாணி பையன், நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், வாருங்கள். பூட்ஸ் போட்டு வாருங்கள், அட்டை இருக்கிறது.

பட்டாணி_பையன்

பார்த்த பிறகு கேளுங்கள். வருகிறேன். மீகோரிங் உண்டா?