தளத்தில் தினவாசகம் தப்பாக வருகிறது, அவசரம்

கடலோரப்பங்கு | 26 மே 2026, காலை 7:10
எங்கள் பங்கின் (கத்தோலிக்கக் கோவிலின்) இணையதளத்தில் இன்றைய பூசைக்கான விவிலிய வாசகம் தப்பாக வருகிறது. பூசையில் வாசிக்கும் வாசகர் தளத்தைப் பார்த்துத் தயாரித்து வந்தார், பீடத்தில் இருந்த வாசக நூலில் வேறு. நேற்று சரியாகத்தான் இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. நாளைக் காலைப் பூசைக்குள் சரிசெய்ய வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

நிரல்வாசி | 7:24
எதில் கட்டிய தளம்? என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்? நேற்றைய வாசகமே மறுபடி வந்ததா, வேறு வாரத்துடையதா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

மெழுகுதிரி | 7:31
நேர மண்டலம், சந்தேகமே வேண்டாம். சர்வர் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். காலை 5:30 வரை தளம் முந்தின நாளையே காட்டும். வேர்ட்பிரஸ் என்றால் அமைப்புகள் > பொது என்று போய் 'கொல்கத்தா' தேர்ந்தெடுங்கள். அது மட்டும் போதாது. நிரலில் தேதிக்கு வெறும் 'டேட்' என்று அழைத்திருந்தால் வேர்ட்பிரஸுக்குள் அது எப்போதும் யூடிசி-தான் தரும். 'டபிள்யூபி_டேட்' என்று மாற்றுங்கள்.

தூபக்கால் | 7:40
எனக்குக் கேஷ் (பக்கத்தின் சேமித்த பழைய நகல்) மேல்தான் சந்தேகம். பக்கத்தை 24 மணி நேரம் சேமித்து வைக்கும்படி விட்டிருப்பார்கள். தினவாசகப் பக்கத்தின் முகவரியைக் கேஷ் ப்ளகினின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்துத் தரும் இடைச் சேவை) இருந்தால் அங்கேயும் காலி செய்யுங்கள், பலர் இதை மறந்துவிடுவார்கள்.

சுவடிக்காவலர் | 8:02
வருடா வருடம் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். திருவழிபாட்டு நாள்காட்டியின் பொது விதிகளை ஒருமுறையாவது படித்துவிட்டு வாசகப் பக்கம் கட்டியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இந்திய நாள்காட்டியா, உலகம் முழுவதற்குமான பொது உரோமை நாள்காட்டியா என்றுகூட நீங்கள் சொல்லவில்லை.

கடலோரப்பங்கு | 8:15
வேர்ட்பிரஸ். ப்ளகின் இல்லை, முன்பு தளத்தைப் பார்த்துக்கொண்ட தம்பி எழுதிய பிஎச்பி நிரல். தமிழ்நாடு. வந்தது யாக்கோபு 4:1-10, மாற்கு 9:30-37. நூலில் 1 பேதுரு 1:10-16, மாற்கு 10:28-31. கேஷ் காலி செய்தும் அதேதான்.

நிரல்வாசி | 8:41
இப்போது பிடிபட்டது. யாக்கோபு 4:1-10 பொதுக்காலத்தின் (தவக்காலம், ஈஸ்டர் போன்ற சிறப்புக் காலங்களில் சேராத வாரங்கள்) 7ஆம் வாரச் செவ்வாய்க்கு உரியது. நேர மண்டலமோ கேஷோ என்றால் ஒரு நாள் பிந்தும். உங்களுக்குக் கிழமை சரி, வாரநாளின் ஈராண்டுச் சுழற்சியும் சரி (2026 இரட்டைப்படை, இரண்டாம் ஆண்டு). வார எண் மட்டும் ஒன்று பின்தங்கியிருக்கிறது.

காரணம் இது. இந்த ஆண்டு ஆண்டவரின் திருமுழுக்கு விழா ஜனவரி 11. மறுநாள் பொதுக்காலம் தொடங்கி, தவக்காலம் தொடங்கும் பிப்ரவரி 18 திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் 6ஆம் வாரத்தில் நின்றது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் தூய ஆவியார் பெருவிழா (இந்த ஆண்டு மே 24) முடிந்ததும் உங்கள் நிரல் 6க்கு அடுத்து 7 என்று போட்டுவிட்டது. திருச்சபை அங்கே தொடர்ந்து எண்ணுவதில்லை, முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது. கிறிஸ்து அரசர் பெருவிழா எப்போதும் பொதுக்காலத்தின் கடைசி ஞாயிறு, 34ஆம் ஞாயிறு. இந்த ஆண்டு அது நவம்பர் 22. மே 24 ஞாயிற்றிலிருந்து அதுவரை 26 வாரம். 34இல் 26 போக 8. ஆக 2026இல் 7ஆம் வாரமே கிடையாது.

நேற்று ஏன் சரியாக வந்தது என்றால், தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறுநாள் திங்கள் 'மரியா, திரு அவையின் தாய்' நினைவு. 2018இல் பொது நாள்காட்டியில் சேர்க்கப்பட்டது, தனி வாசகம் உண்டு. உங்கள் நிரலில் அது விழாப் பட்டியலிலிருந்து வந்திருக்கும், வார எண்ணைத் தொட்டிருக்காது. மே 31 மூவொரு கடவுள், ஜூன் 7 திருவுடல் திருஇரத்தம் இரண்டுமே ஈஸ்டரை வைத்துக் கணக்கிடுவதால் அவையும் சரியாகவே வரும். இன்று வாசகர் கவனித்திராவிட்டால், ஜூன் 14 ஞாயிறு வரை பலர் கண்ணில் பட்டிருக்காது.

2023, 2024 இரண்டிலும் வாரம் எதுவும் விடுபடவில்லை, அதனால் கோளாறு ஒளிந்திருந்தது. 2025இல் 8க்குப் பிறகு நேரே 10. அந்த ஆண்டுப் பக்கங்கள் காப்பகத்தில் இருந்தால் ஜூன் முதல் நவம்பர் வரை பார்த்துவிடுங்கள்.

தூபக்கால் | 8:55
அப்படியானால் தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பிறகு வார எண்ணோடு 1 கூட்டினால் முடிந்ததே, ஒரே வரி.

நிரல்வாசி | 9:03
வேண்டாம். 2027இல் 5க்குப் பிறகு 7 வருவதால் அந்த ஒட்டு ஓடும். 2028இல் 8க்குப் பிறகு 9, அங்கே உடையும். இப்படிச் செய்யுங்கள்:

நவம்பர் 20 முதல் 26க்குள் வரும் ஞாயிற்றைக் கண்டுபிடியுங்கள், அதுதான் கிறிஸ்து அரசர். இன்றைய தேதியிலிருந்து கிழமை எண்ணைக் கழித்தால் (பிஎச்பியில் ஞாயிறு 0) இந்த வாரத்து ஞாயிறு. இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களை 7ஆல் வகுத்து 34இலிருந்து கழியுங்கள். தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பிந்தைய நாள்களுக்கு மட்டும் இந்த விதி. தவக்காலத்துக்கு முந்தைய பகுதி பழையபடியே முன்னோக்கி எண்ணட்டும்.

ஈஸ்டரை 'ஈஸ்டர்_டேட்' கொண்டு எடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது பிஎச்பியின் நேர மண்டலத்தைப் பார்க்காமல் இயங்குதளத்தின் மண்டலத்தை எடுத்துக்கொள்ளும், சில சர்வர்களில் சனிக்கிழமை என்று வந்து நிற்கும். மார்ச் 21உடன் 'ஈஸ்டர்_டேஸ்' தரும் எண்ணைக் கூட்டுவதே பாதுகாப்பு.

தேம்ஸ்தமிழ் | 9:30
வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: விநாடியைக் கழித்து 604800ஆல் (ஒரு வாரத்தின் விநாடிகள்) வகுக்காதீர்கள். கோடைக்கால நேரமாற்றத்தில் ஒரு மணி கூடும் குறையும், வாரம் பின்னமாக வரும். தேதிப் பொருளின் 'டிஃப்' கொண்டு நாளாகவே எடுங்கள். ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா எந்தக் கிழமை என்பதை அமைப்பில் தேர்வு செய்யும்படி வையுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் அது 2017 திருவருகைக் காலத்திலிருந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) மறுபடி வியாழனுக்குப் போய்விட்டது, இந்தியாவில் ஞாயிறு.

மெழுகுதிரி | 9:48
வாசகத்தின் முழு உரையையும் போடுகிறீர்களா? 1995இல் வந்த தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்புக்குக் காப்புரிமை உண்டு. அனுமதி வாங்கினீர்களா?

தூபக்கால் | 9:55
கோவில் தளத்துக்கு எதற்கு அனுமதி? காசு வாங்கவில்லையே. சமயச் சடங்குக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

மெழுகுதிரி | 10:06
1957 சட்டத்தின் 52(1) பிரிவிலுள்ள அந்த விலக்கு, சடங்கு நடக்கும்போது வாசிப்பதற்கும் பாடுவதற்கும் ஒலிபரப்புவதற்கும். ஆண்டு முழுவதுக்குமான உரையைத் தளத்தில் நிரந்தரமாக அடுக்கி வைப்பது சடங்கு இல்லை. காசு வாங்காதது தனியாக ஒரு காரணமாகாது. பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் வரும்வரை அதிகாரம், வசன எண் மட்டும் காட்டுங்கள். வாசகருக்கு அது போதும், கையில் வாசக நூல் இருக்கிறது.

தூபக்கால் | 10:14
வயதானவர்கள் வீட்டிலிருந்து போனில் படிக்கிறார்கள். வசன எண் மட்டும் போட்டால் அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

சுவடிக்காவலர் | 10:20
இழையின் பொருளுக்கு வாருங்கள். உரிமை பற்றித் தனி இழை தொடங்கலாம். கேட்டவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளட்டும்: வார எண் சரியானாலும் இந்திய நாள்காட்டி தனி. ஜூலை 3 புனித தோமா பொது நாள்காட்டியில் விழா, இந்தியாவில் அதைவிட உயர்ந்த பெருவிழா. முதல் வாசகம், இரண்டாம் வாசகம், நம்பிக்கை அறிக்கை எல்லாம் உண்டு. நிரல் அதை வெறும் வெள்ளிக்கிழமையாகக் காட்டினால் இன்னொரு காலை இதே கூச்சல்தான்.

கடலோரப்பங்கு | மாலை 6:37
34இலிருந்து கழிக்கும்படி மாற்றியாயிற்று. நாளைக்கு 1 பேதுரு 1:18-25, மாற்கு 10:32-45 வருகிறது, நூலோடு ஒத்துப்போகிறது. எல்லாருக்கும் நன்றி.

நிரல்வாசி | 6:50
ஜூன் 14ஐயும் தட்டிப் பாருங்கள். மத்தேயு 9:36 - 10:8 வர வேண்டும், 11ஆம் ஞாயிறு. 10ஆம் ஞாயிற்றுக்குரிய 9:9-13 வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கான பகுதி தனி நிரலில் இருக்கிறது, அதையும் இதேபோல் மாற்ற வேண்டும். நவம்பர் 29 திருவருகைக் காலத்தோடு புதிய திருவழிபாட்டு ஆண்டு தொடங்கும்போது ஞாயிற்றுச் சுழற்சியும் வாரநாள் சுழற்சியும் அன்றே மாறுகிறதா என்றும் பாருங்கள். ஜனவரி 1 வரை காத்திருக்கும்படி எழுதியிருந்தால் திருவருகைக் காலம் முழுக்கப் பழைய ஆண்டிலேயே நிற்கும்.

தேம்ஸ்தமிழ் | 28 மே, காலை 11:12
ஜூன் 14 என்ன வந்தது?