பொருள்: "ஈஸ்டர் எக்" – தமிழில் என்ன? (பாடக் குறிப்புக்கு, திங்களுக்குள்)

வெண்பலகை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு அனிமேஷன் தொடர்கள் பற்றித் தமிழில் ஒரு பாடக் குறிப்பு எழுதுகிறேன். திங்கள் காலை வகுப்பு. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 1998-இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் எவர்கிரீன் டெரஸ்' அத்தியாயத்தை எடுத்துக்கொண்டேன். எடிசன் மேல் மோகம் கொண்டு, தொடரின் குடும்பத் தலைவர் ஹோமர் கண்டுபிடிப்பாளராகக் கிளம்பும் கதை. அதில் அவர் கரும்பலகையில் 3987¹² + 4365¹² = 4472¹² என்று எழுதுகிறார். பத்து இலக்கக் கணிப்பானில் போட்டால் சரியாகவே வரும், இரண்டுக்கு மேற்பட்ட அடுக்குகளில் முழு எண்களுக்கு இப்படி ஒரு சமன்பாடு அமையாது என்னும் ஃபெர்மாவின் கடைசித் தேற்றமே பொய்த்துவிட்டதுபோல! உண்மையில் மிக நெருங்கி வந்து தவறும் சமன்பாடு அது. திரையில் சில வினாடிகள்தான் இருக்கும், கதைக்குத் தேவையும் இல்லை. யாரோ ஒருவர் கண்ணில் படட்டும் என்று வைத்தது.

படைத்தவர்கள் இப்படி ஒளித்து வைப்பதை ஆங்கிலத்தில் 'ஈஸ்டர் எக்' என்கிறார்கள். இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். 'ஈஸ்டர் முட்டை' என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஏரிக்கரை எழுதியது:

அம்மா, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கரந்துறை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் மிறைக்கவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுக் கவிதைகளில், கரந்துறைச் செய்யுள் ஒன்று. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகள் ஒளிந்திருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு முதல் பாட்டே போதும், தேடுபவருக்கு இரண்டாவதும் கிடைக்கும். நீங்கள் கேட்பது இதேதான். ஹோமரின் காதோரத் தலைமுடி 'எம்' வடிவிலும் காது 'ஜி' வடிவிலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படைத்தவர் மாட் க்ரோனிங்கின் முதலெழுத்துகள். எழுத்தையே உருவத்துக்குள் ஒளித்தால் அதைக் கரந்துறை என்னாமல் வேறென்ன சொல்வது?

வேர் 'கர'. கரத்தல், கரவு, கரப்பு எல்லாம் அதன் வழி. 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறளை அறியாதவர் யார்? கரப்பான் பூச்சியும் கரந்து வாழ்வதால் வந்த பெயர் என்பதே என் எண்ணம். கள், களவு, கள்வன் ஆகியவற்றுக்கும் இந்த வேருக்கும் உறவு உண்டா என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். லகர ளகர ரகர மாற்றங்களை வரிசைப்படுத்தி நாளை தனியே எழுதுகிறேன்.

துணைவரி எழுதியது:

ஐயா, வசன வரிகள் எழுதிப் பிழைப்பவன் நான். 'கரந்துறை' என்று போட்டால் பையன்கள் ஏதோ துறைமுகம் என்றுதான் நினைப்பார்கள். ஒளித்து வைத்த பொருள், ஆகவே 'ஒளிபொருள்'. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஏரிக்கரை எழுதியது:

தம்பி, ஒளிபொருள் வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'ப்' சேர்த்தால் ஒளி தரும் பொருள் ஆகிவிடும். நம் பிள்ளைகள் ஒளிப்படத்துக்கே 'ப்' போடுவதில்லை. ஒற்றெழுத்து ஒன்றில் தொங்கும் கலைச்சொல் எத்தனை நாள் நிற்கும்?

மணிக்கூண்டு எழுதியது:

முட்டையை ஏன் அடித்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. மேலை நாடுகளில் ஈஸ்டர் முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைப்பார்கள், குழந்தைகள் தேடி எடுப்பார்கள். எங்கள் பங்குக் கோயிலில் உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் முட்டையைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். தேடும் பழக்கம் இல்லாதபோது உவமையில் என்ன மிஞ்சும்?

ஆனால் சொல் பிறந்த கதையை விட்டுவிடாதீர்கள். அடாரி நிறுவனத்தின் 'அட்வெஞ்சர்' வீடியோ விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட், நிறுவனம் நிரலாளர் பெயரைப் போடாததால், தன் பெயரை ஒரு ரகசிய அறையில் ஒளித்து வைத்தார். அந்த ரகசியம் வெளிவந்த பிறகுதான் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஒளித்தவர் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றே ஒளித்தார். கரவு என்றால் கொடுக்க மனமில்லாமல் மறைப்பது. குறள் காக்கையைப் புகழ்வதே அது கரவாததால்தான்! ஐயாவின் மேற்கோள் ஐயாவுக்கே எதிராக நிற்கிறது. தேடிக் கண்டெடுப்பதும் சொல்லுக்குள் வர வேண்டும்.

கும்பகோணம் எழுதியது:

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். க்ரோனிங்கின் இன்னொரு தொடரான 'ஃபியூச்சுராமா'வில் பெண்டர் என்ற ரோபோவுக்கு, அவனைச் செய்த இயந்திரம் அனுப்பும் வாழ்த்து அட்டையில் 'மகன் எண் 1729' என்றிருக்கும். நிம்பஸ் விண்கலத்தின் பதிவெண்ணிலும் 1729 வரும். அந்த எண்ணை எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும்: 1³ + 12³ என்றும் வரும், 9³ + 10³ என்றும் வரும். ராமானுஜனிடம் கணித அறிஞர் ஹார்டி சொன்ன டாக்சி எண். பெண்டரின் வரிசை எண் 2716057-உம் சும்மா வைத்ததில்லை, 952³-இலிருந்து 951³-ஐக் கழித்தால் வரும். முதன்முதலில் அந்த அட்டையைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

நான் கேட்பது இதுதான். எனக்கு 1729 பளிச்சென்று தெரிந்தது, பக்கத்தில் இருந்தவருக்கு அது வெறும் எண். அப்படியானால் மறைவு பொருளில் இருக்கிறதா, பார்ப்பவரிடம் இருக்கிறதா? அதனால் 'பொருள்' வேண்டாம், 'குறிப்பு' என்று முடியட்டும். மறைகுறிப்பு.

துணைவரி எழுதியது:

மறைகுறிப்புக்கு என் ஆதரவு. ஆனால் கணினித் துறையில் 'மறைகுறியாக்கம்' (என்கிரிப்ஷன்) வேறு வேலையில் இருக்கிறது, குழப்பும். அப்புறம், சிம்ப்சன்ஸின் பழைய தொடக்கக் காட்சியில் கடைக்காரர் குழந்தை மேகியை ஸ்கேன் செய்ய, 847.63 டாலர் என்று விழும். படத்தை நிறுத்தினால்தான் படிக்க முடியும். அது எதையும் குறிக்கவில்லையே என்று பார்ப்பவர் நினைக்கலாம். அந்தக் காலத்தில் குழந்தை வளர்க்க மாதம் ஆன செலவு அது என்பார்கள். இந்த வகைக்கும் அதே சொல்லா?

வெண்பலகை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரவு பதினொன்றுக்கு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் மறைகுறிப்பு என்றதால் அதையே போட்டேன். கரந்துறைச் செய்யுளைப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன். நிறுத்திப் பார்க்கும் நகைச்சுவைக்குச் சொல் ஆக்கவில்லை, அப்படியே விளக்கிவிட்டேன். வேறொரு படத்தை வெளிப்படையாக நினைவூட்டும் காட்சிகளுக்கு இன்னும் எதுவும் இல்லை.

வகுப்பில் ஒரு மாணவி சமன்பாட்டின் இலக்கங்களைக் கூட்டினாள். 3987-க்கு 27, 4365-க்கு 18, இரண்டும் மூன்றால் வகுபடும். 4472-க்கு 17, வகுபடாது. கணிப்பானைத் தொடாமலே சமன்பாடு தப்பு என்று சொல்லிவிட்டாள். அவளிடம் இதை என்ன சொல்லி அழைப்பாய் என்று கேட்டேன். "ஒளிச்சு வச்சது" என்றாள்.

ஏரிக்கரை எழுதியது:

பெட்டிச் செய்திக்கு நன்றி அம்மா. மணிக்கூண்டு சொன்ன குறளை மறுபடி படித்தேன், அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் கரந்துறைச் செய்யுள் எழுதிய புலவனும் யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எழுதினான். மறைகுறிப்பை நான் ஏற்கவில்லை. கள், களவு பற்றிய மடல் நாளை வரும்.